உப்பு தோலில் பட்டால், கண்ணில் பட்டால்: ஆபத்தை மதிப்பிடும் முறை

ஆப்ப சோடா, சோடா ஆஷ், சோடியம் மெட்டாசிலிகேட். மூன்றும் வெள்ளைத் தூள்; மூன்றும் சோடியம் உப்பு. சலவைத்தூள் தயாரிக்கும் இடங்களில் மூன்று மூட்டையும் அருகருகே அடுக்கியிருக்கும். முதலாவதைக் கையால் அள்ளினாலும் ஒன்றும் ஆகாது. இரண்டாவது கண்ணில் விழுந்தால் கடுமையாக எரியும். மூன்றாவது ஈரத் தோலில் தங்கினால் தோலையே பொசுக்கிவிடும். பார்வையில் வேறுபாடு தெரியாத இந்த மூன்றையும் எப்படிப் பிரித்தறிவது என்பதே இந்தக் கட்டுரை. எடுத்துக்காட்டாகச் சோடா ஆஷையே கடைசிவரை பிடித்துக்கொள்வோம். திருப்பூர் சாயப்பட்டறைகளில் ரியாக்டிவ் சாயம் துணியில் பிடிக்க லிட்டருக்கு 10 முதல் 20 கிராம் வரை போடுவது இதைத்தான். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: எரிச்சலுக்கும் பொசுக்கலுக்கும் நடுவே உள்ள வேலியின் மேலேயே இது உட்கார்ந்திருக்கிறது. இதை மதிப்பிடத் தெரிந்தால் மற்ற உப்புகள் எளிது.

சொற்களை முதலில் சரிசெய்துகொள்வோம்

தோல் சிவந்து, வீங்கி, சில நாளில் பழைய நிலைக்குத் திரும்பினால் அது எரிச்சல். மேல்தோலைக் கடந்து அடித்தோல் வரை திசு செத்து, புண்ணாகித் தழும்பு விழுந்தால் அது பொசுக்கல். வேதிப்பொருள்களின் ஆபத்தை வகைப்படுத்தி லேபிளிட ஐ.நா. வகுத்த ஜிஎச்எஸ் வகைப்பாடு இரண்டையும் 4 மணி நேரத் தொடர்பை வைத்துத்தான் பிரிக்கிறது. 3 நிமிடத்துக்குள் தொட்டதே பொசுக்கினால் 1ஏ, ஒரு மணி நேரத்துக்குள் என்றால் 1பி, 4 மணி நேரத்துக்குள் என்றால் 1சி. பொசுக்காமல் சிவப்போ வீக்கமோ மட்டும் 24, 48, 72 மணி நேரக் கணக்கில் சராசரி 2.3 மதிப்பெண்ணை எட்டினால் எரிச்சல், வகை 2.

கண்ணுக்குக் கெடு 21 நாள். அதற்குள் முழுதாகக் குணமாகாத பாதிப்பு வகை 1, அதாவது கடும் கண் சேதம். கருவிழி மிகக் கடுமையாக மங்கினாலும் அதே வகை 1 தான். 21 நாளுக்குள் ஆறிவிட்டால் 2ஏ, 7 நாளுக்குள் ஆறினால் 2பி.

லேபிளைத் தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொசுக்கும் தன்மையை ‘அரிப்பு’ என்று பலர் பெயர்க்கிறார்கள். நம் பேச்சில் அரிப்பு என்றால் சொறியத் தோன்றும் ஊறல். ‘தோலில் அரிப்பு உண்டாக்கும்’ என்று படிக்கும் தொழிலாளி சொறிந்துகொண்டால் போயிற்று என்றுதான் நினைப்பார். ‘தோலைப் பொசுக்கிப் புண்ணாக்கும்’ என்று எழுதுங்கள்.

மூட்டைக்குள் இருப்பது எது?

சோதனைக்கு முன்னால் அடையாளம். சலவை சோடா என்று விற்கும் பத்து நீர் மூலக்கூறு கொண்ட படிகத்தில் சோடியம் கார்பனேட் 37 சதவீதம்தான், மீதி தண்ணீர். சோடா ஆஷ் என்பது நீரற்றது, கிட்டத்தட்ட முழுதும் கார்பனேட். ஒன்றுக்கு எடுத்த முடிவை மற்றதற்கு ஒட்ட முடியாது. பெயரை நம்பாமல், ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனியே தரப்படும் அடையாள எண்ணான சிஏஎஸ் எண்ணைப் பாருங்கள். நீரற்ற சோடா ஆஷ் 497-19-8. மெட்டாசிலிகேட்டிலும் அப்படியே: நீரற்றது 6834-92-0, ஐந்து நீர் மூலக்கூறு கொண்டது 10213-79-3.

அடுத்தது எம்எஸ்டிஎஸ், அதாவது பாதுகாப்புத் தரவுத்தாள். பதினாறு பிரிவுகளில் நமக்கு வேண்டியவை நான்கு: 2-இல் வகைப்பாடு, 3-இல் கலவை, 9-இல் பிஎச்சும் (அமிலமா காரமா என்று காட்டும் எண்) கரைதிறனும், 11-இல் நச்சுத் தரவு. 2-ஐயும் 11-ஐயும் ஒப்பிட்டுப் படிப்பதுதான் இதில் உள்ள வேலை. 2-ஆம் பிரிவில் ‘கண்ணில் எரிச்சல்’ என்றும், 11-ஆம் பிரிவில் கருவிழி மங்கல் 21 நாளிலும் ஆறவில்லை என்றும் இருந்தால், யாரோ வேறொரு தாளைப் பார்த்து 2-ஐ நிரப்பியிருக்கிறார்கள். அந்தத் தாளை ஏற்காதீர்கள். 9-இல் ‘பிஎச்: காரத்தன்மை’ என்று எண்ணே இல்லாமல் எழுதியிருந்தாலும் நம்பத் தகாது. எந்தச் செறிவில் எடுத்த பிஎச் என்பதும் அங்கே இருக்க வேண்டும்.

பிறகு உப்பை இரண்டு அயனிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே கேளுங்கள். சோடா ஆஷில் சோடியத்தால் தொந்தரவில்லை, கார்பனேட்தான் காரம். மயில்துத்தத்தில் இது தலைகீழ். சல்பேட் சாது, செம்பு அயனிதான் கண்ணைக் கெடுக்கிறது. போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லிக்காகத் தோட்டங்களில் கரைக்கும் இந்த நீலப் படிகத்தின் கரைசல் பிஎச் 4-ஐ ஒட்டி இருக்கும். அந்த எண்ணைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். ஆனாலும் ஐரோப்பிய வகைப்பாட்டில் அது கடும் கண் சேதம், வகை 1.

பிஎச் அளப்பது

இது வாசல் மட்டுமே, தீர்ப்பு அல்ல. 2 அல்லது அதற்குக் கீழே, 11.5 அல்லது அதற்கு மேலே வந்தால், மாறாகச் சான்று கிடைக்கும்வரை அந்தப் பொருள் தோலைப் பொசுக்கும், கண்ணைக் கெடுக்கும் என்றே கொள்ள வேண்டும்.

1 கிராம் உப்பை, கொதிக்கவைத்து மூடி ஆறவைத்த வாலைவடிநீரில் கரைத்து 100 மி.லி. ஆக்குங்கள். கொதிக்கவைப்பது தண்ணீரில் கரைந்துள்ள கரியமில வாயுவை வெளியேற்ற. மீட்டரை, பிஎச் முன்பே தெரிந்த 7, 10 இடைக்கரைசல்களோடு நிறுத்தாமல் 12-ஐ ஒட்டிய ஒன்றிலும் சரிபாருங்கள், 11.5-க்குப் பக்கத்தில் முடிவெடுக்கப் போகிறோம், அளவுகோல் அந்த இடம்வரை எட்ட வேண்டும். வெப்பநிலை 25 டிகிரி. மூன்று முறை தனித்தனியே எடை போட்டு அளவெடுங்கள்.

தவறு நடக்கும் இடங்கள் மூன்று. திறந்து கிடந்த மூட்டையில் சோடா ஆஷ் ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொண்டு மேற்பரப்பில் ஓரளவு பைகார்பனேட்டாக மாறியிருக்கும். அதிலிருந்து எடுத்த மாதிரி உண்மையைவிடக் குறைந்த பிஎச் காட்டும். மூட்டையின் நடுவிலிருந்து எடுத்து உடனே மூடுங்கள். இரண்டாவது, சாதாரணக் கண்ணாடி மின்முனை, சோடியம் மிகுந்த காரக் கரைசலில் 12-க்கு மேல் குறைத்துக் காட்டும். மெட்டாசிலிகேட் அளக்கும்போது உயர் பிஎச்சுக்கென்றே உள்ள மின்முனை தேவை. மூன்றாவது, பிஎச் தாள். 11-க்கும் 12-க்கும் நடுவில் நிறத்தைப் பார்த்துச் சொல்வது ஊகம்.

சோடா ஆஷின் ஒரு சதவீதக் கரைசல் 11.4, 11.5 என்று கோட்டை ஒட்டியே வந்து நிற்கும். 11.4 வந்ததும் ‘தப்பித்தது’ என்று கோப்பை மூடுபவர்கள் உண்டு. கூடாது.

காரக் கையிருப்பு

பிஎச் ஒன்றாகவே இருக்கும் இரண்டு கரைசல்களில் ஒன்று தோலின் லேசான அமிலத்தன்மையிலேயே அடங்கிவிடும். மற்றது அடங்காமல் தொடர்ந்து காரத்தைத் தந்துகொண்டே இருக்கும். அந்தக் கையிருப்பை அளப்பதற்கு ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பின் 122-ஆம் சோதனை வழிகாட்டி உள்ளது. பிஎச் 4-க்குக் கீழோ 10-க்கு மேலோ உள்ளவற்றுக்கு இது பொருந்தும்.

10 கிராம் உப்பை 100 மி.லி. நீரில் கரைத்து, மீட்டரைப் பார்த்தபடி 1 நார்மல் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச் 10-இல் நிறுத்துங்கள். நிறம் மாறிக் காட்டும் பீனால்ப்தலீனை நம்பி நிறுத்தாதீர்கள். அதன் நிறம் 8.3-ஐ ஒட்டித்தான் போகும், கணக்கு வீங்கிவிடும். அமிலத்தை வேகமாக ஊற்றினால் விழும் இடத்தில் நுரைத்துக் கார்பனேட் வாயுவாகப் போய்விடும். கலக்கிக்கொண்டே இருங்கள். மெட்டாசிலிகேட்டானால் பாதியிலேயே கூழாகக் கட்டிக்கொள்ளக்கூடும். அதை நீர்த்த கரைசலில் செய்வது நல்லது.

செலவான மி.லி. அளவை 0.4 ஆல் பெருக்கினால், 100 கிராம் உப்புக்கு எத்தனை கிராம் காஸ்டிக் சோடாவுக்குச் சமம் என்பது கிடைக்கும். அதை 12 ஆல் வகுத்து பிஎச்சோடு கூட்டுங்கள். 14.5 அல்லது அதற்கு மேல் என்றால் பொசுக்கும்.

சோடா ஆஷுக்கு இதைக் காகிதத்தில் தாராளமாகவே கணக்கிட்டாலும் கையிருப்பு 25 அல்லது 26 கிராம்தான் வரும். 12 ஆல் வகுத்தால் 2.1. பிஎச் 11.4-ஐக் கூட்டினால் 13.5. கோட்டுக்கு ஒரு முழு எண் கீழே. நீரற்ற மெட்டாசிலிகேட்டுக்குக் கையிருப்பு 40-ஐ ஒட்டி வரும், பிஎச் 12.5. கூட்டினால் 15.8. மூட்டைகள் ஒன்றுபோல இருந்தாலும் கணக்கு இரண்டையும் பிரித்துவிட்டது. சோடா ஆஷ் கண் எரிச்சல் வகை 2 என்றும், மெட்டாசிலிகேட் தோலைப் பொசுக்கும் வகை 1 என்றும் லேபிள்களில் வருவது இதனோடு ஒத்துப்போகிறது.

ஆனால் 14.5-க்குக் கீழே வந்ததும் ‘பாதுகாப்பானது’ என்று எழுதிவிட முடியாது. அதிக பிஎச்சை வைத்துக்கொண்ட சந்தேகம் வலுவற்றது என்பதை மட்டுமே அது சொல்கிறது. அதை உறுதிப்படுத்த ஆய்வகச் சோதனையோ நம்பத்தக்க பழைய தரவோ வேண்டும்.

பிஎச் காட்டிக்கொடுக்காதவை

கால்சியம் குளோரைடின் கரைசல் ஏறக்குறைய நடுநிலை. ஆனால் நீரற்ற குளோரைடு கரையும்போது ஒரு மோலுக்கு 80 கிலோஜூலுக்கு மேல் வெப்பம் விடும். வியர்த்த உள்ளங்கையில் ஒரு பிடி அள்ளினால் சுடும். கூடவே அது தண்ணீரை இழுக்கும். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் நடுநிலைதான். ஒரு படிகம் ஈரத் தோலில் ஒட்டினால் பழுப்புக் கறையோடு புண்ணும் வரும், காரணம் ஆக்சிஜனேற்றம். சோடியம் பெர்கார்பனேட் பிஎச் 10.5-ஐ ஒட்டியது, சோடா ஆஷைவிடக் குறைவு. கண்ணுக்கோ அதைவிட மோசம்: ஹைட்ரஜன் பெராக்சைடை விடுவிப்பதால் கடும் கண் சேதம் என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். ஆகவே காரமா அமிலமா என்பதோடு நான்கு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: கரையும்போது சூடாகிறதா, நீரை உறிஞ்சுகிறதா, ஆக்சிஜனேற்றமோ ஒடுக்கமோ செய்கிறதா, உலோக அயனி தானே நச்சா.

பொருளின் வடிவத்தையும் விடக்கூடாது. கண்ணில் உள்ள கண்ணீர்ப் படலம் மொத்தம் சுமார் 7 மைக்ரோ லிட்டர். ஒரு மில்லிமீட்டரைவிடச் சிறிய, 1 மி.கி. எடையுள்ள சோடா ஆஷ் துகள் ஒன்று கீழிமைக்குள் விழுந்து அந்த நீரில் கரைந்தால், அந்த நொடியில் அங்கே உள்ளது ஏறத்தாழ 14 சதவீதக் கரைசல். நாம் பிஎச் அளந்தது 1 சதவீதத்தில். கண் சிமிட்டச் சிமிட்டத் துகள் கருவிழியில் உராய்வது வேறு. இலகு ரகச் சோடா ஆஷ் அடர் ரகத்தைவிட அதிகம் பறக்கும். வேதியியல் ஒன்றுதான், கண்ணுக்குப் போய்ச் சேரும் அளவு வேறு.

காரம் அமிலத்தைவிடக் கண்ணுக்குக் கொடியது என்பதற்கும் காரணம் உண்டு. அமிலம் புரதத்தைக் கட்டியாக்கிவிடும். அந்தக் கட்டியே ஒரு தடுப்பாக நின்று ஊடுருவலை ஓரளவு தடுக்கும். காரம் செல்களின் கொழுப்பைச் சோப்பாக்கிக் கரைத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

ஆய்வகத்துக்கு அனுப்பும்போது

ஜான் டிரெய்ஸ் 1944-இல் வெளியிட்ட முயல் சோதனையிலிருந்தே இந்த மதிப்பெண்கள் வந்தன. இன்று அதிலிருந்து தொடங்க வேண்டிய தேவை இல்லை. இந்தியாவில் அழகுப் பொருள்களுக்கு விலங்குச் சோதனை 2014-இலேயே தடை செய்யப்பட்டது. உயிருள்ள விலங்கு தேவைப்படாத ஓஇசிடி வழிகாட்டிகள் உள்ளன: தோலுக்கு 431, 439; கண்ணுக்கு 437, 492. இவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

வரிசை முக்கியம். பொசுக்கும் என்று சந்தேகம் இருந்தால் முதலில் 431. மனிதத் தோல் செல்லிலிருந்து வளர்த்த திசுவில் 3 நிமிடமும் 60 நிமிடமும் பொருளை வைக்கிறார்கள். எபிடெர்ம் என்ற பெயரில் விற்கும் தோல் திசுவில் 3 நிமிடத்தில் உயிர்ப்பு (உயிரோடுள்ள செல்களின் பங்கு) 50 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, 60 நிமிடத்தில் 15-க்குக் கீழே போனாலோ பொசுக்கும். அப்படி வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தோலைப் பொசுக்குவது கண்ணையும் கெடுக்கும் என்றே கொள்ளப்படும். கண் சோதனைக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. பொசுக்கவில்லை என்றால் 439: 25 மி.கி. உப்பை ஈரப்படுத்தி 60 நிமிடம் வைத்து, கழுவி, 42 மணி நேரம் விட்டுப் பார்க்கும்போது உயிர்ப்பு 50 சதவீதமோ அதற்குக் குறைவோ என்றால் எரிச்சல்.

கண்ணுக்கான 437 இறைச்சிக்கூடத்தில் கிடைக்கும் மாட்டுக் கருவிழியில் செய்வது. திட உப்பு என்றால் 20 சதவீதக் கரைசலோ கலங்கலோ, 4 மணி நேரம், 32 டிகிரி. மங்கலையும் கசிவையும் சேர்த்த மதிப்பெண் 55-க்கு மேல் என்றால் வகை 1; 3 அல்லது அதற்குக் கீழ் என்றால் வகைப்பாடு வேண்டாம். நடுவில் விழுந்தால் அந்தச் சோதனை மட்டும் போதாது. 492-இல் எபிஆக்குலர் என்ற, கருவிழி மேற்பரப்பைப் போல வளர்த்த திசுவில் 50 மி.கி. திடப்பொருளை 6 மணி நேரம் வைக்கிறார்கள். உயிர்ப்பு 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வகைப்பாடு இல்லை. 60-க்குக் கீழே வந்தால் எரிச்சலா சேதமா என்று அது பிரித்துச் சொல்லாது. லேபிளில் எதை எழுதுவது என்று பிறகு திண்டாடாமலிருக்க இதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

உப்புகளுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. திசு உயிரோடு உள்ளதா என்பதை எம்டிடி என்ற மஞ்சள் சாயம் ஊதாவாக மாறுவதை வைத்து அளக்கிறார்கள். சாயப்பட்டறையில் ஹைட்ரோஸ் என்று சொல்லும் சோடியம் டைதயோனைட் போன்ற ஒடுக்கிகள் அந்தச் சாயத்தைத் தாமே ஊதாவாக்கக்கூடும். திசு செத்திருக்கும், கருவி ‘உயிரோடு இருக்கிறது’ என்று சொல்லும், லேபிளில் எச்சரிக்கை இல்லாமல் மூட்டை வெளியே போகும். கொன்ற திசுவில் அதே உப்பை வைத்து ஒப்பிட்ட அளவு அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். பெர்மாங்கனேட், மயில்துத்தம் போன்ற நிறமுள்ள உப்புகளுக்கு நிறத்தைக் கழித்த அளவு வேண்டும். கழுவிய பிறகும் துகள் திசுவில் ஒட்டியிருந்தால் அதையும் அறிக்கை சொல்ல வேண்டும்.

கலவையில் எவ்வளவு?

உப்பு தனியாக விற்பதைவிடக் கலவையில் போவதே அதிகம். பொதுக் கணக்கு இது: பொசுக்கும் பொருள் 5 சதவீதம் இருந்தால் கலவையும் பொசுக்கும், 1 முதல் 5-க்குள் என்றால் எரிச்சல். கண்ணுக்கு இன்னும் கண்டிப்பு: 3 சதவீதமே வகை 1-க்குப் போதும். கண் எரிச்சல் வகை 2 பொருளுக்கு 10 சதவீதம்.

சோடா ஆஷ் 20, மெட்டாசிலிகேட் 4 சதவீதம் கொண்ட பாத்திரம் துலக்கும் தூளை எடுத்துக்கொள்வோம். தோலுக்கு எரிச்சல், கண்ணுக்கோ 4 சதவீத மெட்டாசிலிகேட்டினாலேயே கடும் சேதம். சோடா ஆஷை மட்டும் பார்த்து ‘எரிச்சல்’ என்று எழுதியிருந்தால் பிழை. இன்னொன்று: இந்தக் கூட்டல் கணக்கு எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்று ஜிஎச்எஸ் எச்சரிக்கும் பட்டியலில் அமிலம், காரம், பீனால் ஆகியவற்றோடு கனிம உப்புகளும் பெயர் சொல்லி இடம்பெறுகின்றன. கூட்டல் பொருந்தாத இடத்தில், பிஎச் 11.5-ஐ எட்டும் சேர்மானம் 1 சதவீதம் இருந்தாலே கலவை வகை 1. எனவே கலவைத் தூளின் பிஎச்சையும் கையிருப்பையும் தனியாக அளந்துவிடுங்கள். அரை நாள் வேலைதான்.

லேபிளும் பட்டறையும்

சோடா ஆஷ் மூட்டையில் வர வேண்டியவை: ஆச்சரியக்குறிப் படம், ‘எச்சரிக்கை’ என்ற சொல், எச் 319 என்ற ஆபத்துக் குறியீடு, ‘கண்ணில் கடும் எரிச்சலை உண்டாக்கும்’ என்ற வரி. மெட்டாசிலிகேட்டுக்குக் கையும் உலோகமும் அரிபடும் படம், ‘ஆபத்து’, எச் 314.

வகைப்பாடு 4 மணி நேர ஒற்றைத் தொடர்பைப் பேசுகிறது. பட்டறையில் கை எட்டு மணி நேரம் நனைகிறது, நாள்தோறும். தோல் எரிச்சல் வகையில் வராத சோடா ஆஷும் மாதக்கணக்கில் தோலின் கொழுப்பை உரித்து, விரலிடுக்கில் வெடிப்பும் வறட்சியும் கொண்டுவரும். லேபிளில் இல்லை என்பதற்காகக் கையுறையை விட்டுவிடாதீர்கள். கையுறைக்குள்ளும் காலுறைக்குள்ளும் இடுப்பு வார்க்கடியிலும் போன தூள், வியர்வையில் கரைந்து, தோலில் மருந்து வைத்து மூடிக்கட்டிய பட்டி போலாகிவிடும். சோதனையில் பட்டி போடுவதும் இப்படித்தான். கையுறைக்குள் தூள் புகுந்தால் உடனே கழற்றிக் கழுவ வேண்டும். கண்ணாடி என்றால் பக்கவாட்டில் திறந்த சாதாரணக் கண்ணாடி அல்ல, முகத்தோடு ஒட்டி மூடும் காகிள்ஸ்.

கண்ணில் பட்டால் தண்ணீர், உடனே. குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில். கார உப்பு என்றால் இன்னும் நீளும். காண்டாக்ட் லென்ஸ் இருந்தால், எளிதில் வந்தால் எடுத்துவிட்டுக் கழுவுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், எலுமிச்சைச் சாறு எதுவும் வேண்டாம். காரத்தை அமிலத்தால் முறிக்கிறேன் என்று கண்ணில் வினிகர் விடுவது இன்னொரு காயம். தூள் மேலிமைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். இமையைத் தூக்கி அங்கும் தண்ணீர் பாய வேண்டும். இமையைப் புரட்டித் துகளை எடுப்பதும், கழுவி முடித்துச் சில நிமிடம் விட்டுக் கீழிமையில் பிஎச் தாளை வைத்து 7-ஐ ஒட்டி நிலைத்துவிட்டதா என்று பார்ப்பதும் மருத்துவமனை வேலை. ஆனால் போகும்போது எம்எஸ்டிஎஸ் தாளைக் கையோடு கொடுத்தனுப்புங்கள். தோலில் கொட்டிய உலர்ந்த தூளை முதலில் தட்டிவிட்டுப் பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள், முக்கியமாகக் கால்சியம் குளோரைடை. கொஞ்சம் தண்ணீர் என்றால் சூடுதான் கிளம்பும்.

மதிப்பீட்டுத் தாளில் சிஏஎஸ் எண், எத்தனை நீர் மூலக்கூறு, மாதிரி எடுத்த மூட்டையின் தொகுதி எண், பிஎச் மூன்று அளவுகள், வெப்பநிலை, செலவான அமில அளவு, எந்தச் சோதனை, என்ன முடிவு ஆகியவை இருக்கட்டும். விற்பவர் மாறினாலோ, இலகு ரகத்துக்குப் பதில் அடர் ரகமோ படிகத்துக்குப் பதில் நீரற்றதோ வந்தாலோ, பிஎச் அளவிலிருந்து மறுபடி தொடங்குங்கள். முதல் மூட்டையை அவிழ்ப்பதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும்.